பேய்க்கதையும் பிள்ளைகளும்

சிறுவர் இலக்கியம் பற்றி மேடையேறிப் பேசுவோர் அன்பு, வாய்மை, ஒழுக்கம் முதலிய பொருள்களை விளக்கும் கதைகளைப் போற்றுவர். நரியும் காகமும் பேசுங் கதைகளையும் மனமுவந்து ஏற்பர். ஆனால், பேய்க்கதை என்ற பேச்செடுத்த மாத்திரத்தே முகஞ் சுளிப்பர். பிள்ளைகளோ இவ்வறிஞர்களின் தீர்ப்பைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை. எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட சிறுவர் சிலரை ஒன்றுகூட்டி, என்ன கதை வேண்டும் என்று வினவிப் பாருங்கள். ஒருவன் தயங்குவான், மற்றொருவன் சிரிப்பான், மூன்றாமவன் எல்லோர்க்குமாகப் "பேய்க்கதை" என்று கூறிவிடுவான். உடனே மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்வர்.

எங்கள் ஊர் வாசிகசாலையிலே சனிக்கிழமை மாலைகளிற் சிறுவர்க்குக் கதை வாசித்துக் காட்டும் பணியைச் சில ஆண்டுகளாக நான் செய்து வருகின்றேன். அண்மையில் ஒரு சிறுவனின் தந்தையார் என்னிடம் வந்தார். "மாஸ்டர், நீங்கள் வேதாளக் கதை சொன்ன நாள் தொடக்கம் இவன் இரவிலே விளக்கை நூர்க்க விடுகிறானில்லை. அந்தப் புத்தகங்களை அலுமாரிக்குள்ளே வைச்சுப் பூட்டிவிடுங்கோ" என்றார். அவர் கோபக்காரரல்லர், பிள்ளையின் நித்திரை கெடுகிறதே என்ற கவலையே அவரைப் பேசச் செய்தது. அன்று அவருக்கு நான் கூறிய மறுமொழி மிகச் சுருக்கமானது. அவர் எழுப்பிய வினா பெற்றோர் பலருக்கும் பொதுவானதாகலின், விரிவான மறுமொழியை இங்கே எழுத விழைகின்றேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேயை வைத்துப் பிள்ளையை மிரட்டுவது வேறு. பேய்க்கதை கூறுவது வேறு. சோறுண்ண மறுக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டியைக் காட்டுகிறோம். உச்சிப்பொழுதில் பனங்கூடலுக்குட் போக நினைப்பவனுக்கு முனி அடிக்கும் என்கிறோம். இவை கதைகளல்ல, ஏவல்கள். பூச்சாண்டி எங்கிருந்து வந்தான், அவனுக்கு என்ன குறை, அவனை வெல்வது எப்படி என்பதெல்லாம் குழந்தைக்குச் சொல்லப்படுவதில்லை. தொடக்கமும் முடிவுமின்றி அந்த அச்சம் இருளிலே நின்றுகொண்டேயிருக்கும். கதையிலோ அச்சத்துக்கு ஓர் உருவுண்டு, காரணமுண்டு, எல்லையுண்டு. கதை முடியும்போது பேயும் தன் இடத்துக்குப் போய்விடுகிறது. பேய்க்கதையைக் கண்டு அஞ்சும் பெற்றோரிற் பலர், பூச்சாண்டியை ஏவுவதற்கு மாத்திரம் கூசுவதில்லை என்பது விந்தையே.

நம்மவர் நன்கறிந்த வேதாளக் கதையையே எடுத்துக்கொள்வோம். பதினோராம் நூற்றாண்டிற் காசுமீரத்தில் வாழ்ந்த சோமதேவர், அரசி சூரியமதியின் உள்ளத்தை மகிழ்விக்கும் பொருட்டுக் கதாசரித்சாகரம் என்னும் பெருநூலைச் செய்தார். அதனுள்ளே ஒரு பகுதியாக வேதாளக் கதைகள் இருபத்தைந்தும் அடங்கியுள்ளன. கோதாவரிக் கரையிலுள்ள பிரதிட்டானத்து அரசனிடம் துறவி ஒருவன் நாள்தோறும் ஒரு பழங் கொணர்ந்து கொடுக்கின்றான். பத்து ஆண்டுகள் கழிந்தபின், ஒருநாள் ஒரு குரங்கு பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து இரத்தினம் உதிர்கின்றது. நன்றிக்கடன்பட்ட அரசன் துறவியின் வேண்டுகோளுக்கிணங்கி, அமாவாசை இரவொத்த கரிய இருளிற் சுடலைக்குச் சென்று, மரத்திலே தொங்கும் பிணத்தைத் தோளிற் சுமந்து வருகின்றான். பிணத்துள் இருக்கும் வேதாளம் வழிநடைக்குக் கதை சொல்லி, இறுதியில் ஒரு வினாவும் விடுக்கின்றது. விடை தெரிந்தும் கூறாதிருந்தால் தலை வெடித்துவிடும். கூறினாலோ மௌனங் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். நம் தமிழ் மரபு அம்மரத்தை முருங்கையாக்கி, அதிலிருந்து ஒரு பழமொழியையும் படைத்துக்கொண்டது.

இக்கதையிலே சுடலையுண்டு, பிணமுண்டு, இருளுண்டு. ஆயினும் பிள்ளையின் மனம் எங்கே நிற்கின்றது என்பதை உற்று நோக்குங்கள். அது பிணத்தின்மேல் நிற்பதில்லை, வினாவின்மேல் நிற்கின்றது. இரண்டாவது கதையிலே மந்தாரவதி என்னும் பெண்ணை மூவர் விரும்புகின்றனர். அவள் காய்ச்சலால் இறந்துபடுகின்றாள். ஒருவன் அவளுடைய சாம்பலின்மேற் குடிசை கட்டி அங்கேயே கிடக்கின்றான். ஒருவன் எலும்புகளைக் கங்கைக்குக் கொண்டு செல்கின்றான். மற்றவன் நாடெங்கும் அலைந்து, இறந்தாரை எழுப்பும் மந்திரத்தைப் பெற்று மீள்கின்றான். அவள் உயிர்பெற்றெழுந்தபின் அவளுக்குரியவன் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. உயிர் கொடுத்தவன் தந்தைக்கு நிகர், எலும்பைத் தீர்த்தத்திற் சேர்த்தவன் மகனுக்கு நிகர், சாம்பலைப் பிரியாது கிடந்தவனே கணவன் என்று அரசன் தீர்ப்புக் கூறுகின்றான்.

இக்கதையை வாசிகசாலையிலே கூறியபோது எழுந்த வாக்குவாதம் எனக்கு நன்றாக நினைவிலிருக்கின்றது. உயிர் கொடுத்தவனுக்கே உரிமை என்று பையன்கள் சிலர் நின்றனர். ஒரு சிறுமி எழுந்து, "அந்தப் பிள்ளையிட்டை ஒருத்தரும் கேட்கேல்லையே?" என்றாள். சோமதேவரின் அரசனுக்குத் தோன்றாத நியாயம் அது. சுடலையின் நடுவிலே நின்றுகொண்டு பத்து வயதுப் பிள்ளையொன்று நீதி பேசுமாயின், அக்கதை அப்பிள்ளைக்குத் தீங்கு செய்தது என்று எவ்வாறு கூறுவது?

கதையின் முடிவு இன்னுஞ் சிறப்புடையது. இறுதி வினாவுக்கு அரசனுக்கு விடை தெரியவில்லை. தெரியாமையால் மௌனமாக நடக்கின்றான். அப்போது வேதாளமே மனமிரங்கி, துறவி அவனைப் பலியிடக் கருதியிருப்பதை வெளியிடுகின்றது. வணங்கும் முறையை முதலில் நீயே செய்து காட்டு என்று துறவியிடம் சொல்லும்படி உபாயமுங் கூறுகின்றது. அஞ்சத்தக்கவனென்று நாம் எண்ணிய வேதாளம் நண்பனாகின்றது. பழங் கொடுத்த துறவி பகைவனாகின்றான். தோற்றத்தைக் கண்டு ஆளைத் துணியாதே என்னும் பாடத்தை, எந்த நீதிநூலும் இத்துணை உறைக்கும்படி சிறுவர்க்குச் சொன்னதில்லை என்பது என் துணிபு.

இவ்வேதாளத்தை நம் காலத்துச் சிறுவரிடம் கொண்டுவந்து சேர்த்தது 'அம்புலிமாமா'. நாகி ரெட்டியாரும் சக்ரபாணியும் 1947 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் சென்னையிலே தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அச்சஞ்சிகை, பழைய இருபத்தைந்து கதைகளோடு நின்றுவிடாது, அதே சட்டத்துக்குள் புதுக்கதைகளை மாதந்தோறும் அமைத்து வெளியிட்டது. உருவிய வாளும் தோளிற் பிணமுமாக அரசன் நடக்கும் அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர், 2020 ஆம் ஆண்டிலே காலமானார். படத்திலே மண்டையோடும் பாம்பும் உண்டு; ஆனால் அரசனின் முகத்திலே அச்சமில்லை. என் தலைமுறையினர் அம்முகத்தைப் பார்த்தே அக்கதைகளை வாசித்தோம். 1970 களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, அட்டை கிழிந்த பழைய பிரதிகள் எங்களூரில் வீட்டுக்கு வீடு கைமாறின. அவற்றை வாசித்தவருள் எவரும் அதனாற் கோழையானதாக நான் அறியேன்.

அச்சமூட்டும் கதையைச் சிரிப்பில் முடிப்பது மற்றொரு மரபு. யோசப் யேக்கப்ஸ் என்பார் 1890 ஆம் ஆண்டிலே தொகுத்து வெளியிட்ட ஆங்கில நாட்டுக் கதைகளுள் அவ்வாறானவை இரண்டு உள. ஒன்றிலே, சின்னஞ்சிறு கிழவியொருத்தி இடுகாட்டிற் கண்ட எலும்பைக் கஞ்சிக்கென எடுத்து வந்துவிடுகின்றாள். இரவிலே அதைத் திருப்பிக் கேட்கும் குரலொன்று அவளை நெருங்கி நெருங்கி வருகின்றது. மற்றையது, இறந்த மனைவியின் பொற்கையைத் திருடிய கணவனின் கதை. இரண்டும் இறுதிச் சொல்லிலே கதைகூறுவோன் திடீரெனக் கூவுவதோடு முடிவன. பொற்கைக் கதையை அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன், உறவினர் பண்ணையில் அடிமையாயிருந்த முதியவர் ஒருவரிடம் சிறுவயதிலே கேட்டவர். பிற்காலத்தில் மேடைதோறும் தாமே கூறினார். கதை கூறுங் கலைபற்றி 1895 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையிலே, கூவுவதற்கு முன்னுள்ள மௌனத்தின் அளவே அக்கதையின் உயிர் என்று விளக்குகின்றார். மௌனம் குறைந்தாலும் பயனில்லை, கூடினாலும் பயனில்லை. பிள்ளைகள் துள்ளி எழுவர்; மறுகணமே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பர். அச்சம் தங்கள் கைக்கு அடங்கியதொன்று என்பதை அச்சிரிப்பிலே அவர்கள் கண்டுகொள்கின்றனர்.

இனி, தடைசெய்ய வேண்டும் என்போரின் கட்சியையும் நாம் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அவர்களுக்கு உதவக்கூடிய நிகழ்ச்சி ஒன்று ஸ்கொத்லாந்திலே நடந்தது. 1954 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கிளாஸ்கோ நகரின் கோபல்ஸ் பகுதியிலுள்ள இடுகாட்டுக்குள்ளே ஒரு மாலைப்பொழுது நூற்றுக்கணக்கான சிறுவர் திரண்டு புகுந்தனர். சிலர் கையில் கூரிய தடிகள், சிலர் கையில் கத்திகள். ஏழடி உயரமும் இரும்புப் பற்களுமுடைய இரத்தக் காட்டேறியொன்று சிறுவர் இருவரைத் தின்றுவிட்டது என்ற வதந்தி பாடசாலைகளிலே பரவியிருந்தது. அதனைத் தேடிக் கொல்லவே அப்படை புறப்பட்டது. அருகேயிருந்த இரும்பாலையின் புகையும் செவ்வொளியும் இடுகாட்டின் மீது படர்ந்து, காண்பதையெல்லாம் மெய்போலக் காட்டின. பொலிசார் வந்தனர்; தலைமையாசிரியர் ஒருவர் வந்து கடிந்துகொண்டார்; மழையும் வந்தது. பிள்ளைகள் கலைந்தனர், ஆனால் அடுத்த இரவுகளிலும் வந்தனர். உண்மையிலே காணாமற்போன சிறுவர் எவருமிலர்.

பழி உடனே அமெரிக்கப் பேய்ச் சித்திரக் கதைகளின் மேல் விழுந்தது. ஆசிரியரும் சமயத்தாரும் பொதுவுடைமையாளரும் ஒன்றாகக் குரலெழுப்பினர். இத்தகைய நூல்களுக்கெதிராக ஏற்கெனவே நாடெங்கும் மூண்டிருந்த கிளர்ச்சிக்கு இது வலுவூட்டிற்று. 1955 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் சிறுவர்க்குத் தீங்கான சித்திர நூல்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றிற்று. அமெரிக்காவிலும் 1954 ஆம் ஆண்டிலேயே, உளமருத்துவர் பிரெட்ரிக் வேர்தாமின் நூலும் செனற் சபைக் குழுவின் விசாரணையும் எழுப்பிய புயலினால், சித்திரக் கதை வெளியீட்டாளர் தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டனர். காட்டேறியும் ஓநாய் மனிதனும் நடமாடும் பிணமும் அவ்விதிகளால் விலக்கப்பட்டன. 1971 ஆம் ஆண்டில் அவ்விதி தளர்த்தப்பட்டது.

பின்னாளில் கோபல்ஸ் நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் வேறு சில செய்திகளைச் சுட்டிக் காட்டினர். இரும்புப் பற்களுடைய மிருகம் விவிலியத்தின் தானியேல் நூல் ஏழாம் அதிகாரத்திலே வருகின்றது. இரும்புப் பல் ஜெனி என்பவளைப் பற்றி அலெக்சாந்தர் அந்தர்சன் என்ற ஸ்கொத்லாந்துக் கவிஞர் பாடிய பாட்டொன்றும் அந்நாட்டிலே வழங்கியது. அது நித்திரை கொள்ளாத பிள்ளையை அச்சுறுத்த எழுந்த பாட்டு. நாம் முன்னர்ப் பேசிய பூச்சாண்டியே அங்கு வேறு வேடம் புனைந்து நிற்கின்றாள்! வேதநூலும் தாலாட்டும் கொடுத்த உருவைச் சித்திர நூலின் கணக்கிலே எழுதிவிடுவது எளிதாயிற்று. நான் கருதுவது வேறொன்று. நெருக்கமான வறிய குடியிருப்பு, அதையடுத்து இடுகாடு, வானைச் சிவக்கச் செய்யும் ஆலை. இவற்றிடையே வாழ்ந்த பிள்ளைகளுக்கு அச்சம் புத்தகத்திலிருந்து வரவேண்டியதில்லை. அவ்வச்சத்துக்கு அவர்கள் ஓர் உருவங் கொடுத்தார்கள். கொடுத்தபின் வீட்டுக்குள் ஒளியாது, கூட்டமாகச் சேர்ந்து, இறந்த தோழர்களென நம்பியோருக்காகத் தடியெடுத்துப் புறப்பட்டார்கள். கத்தி எடுத்ததை நான் மெச்சவில்லை. ஆனால் அங்கே கண்டது கோழைத்தனமும் அன்று, கெட்டழிந்த உள்ளமும் அன்று.

தடையினால் ஆசை குன்றுவதுமில்லை. அல்வின் சுவார்ட்ஸ் என்னும் அமெரிக்கர் நாட்டார் வழக்கிலிருந்து பேய்க்கதைகளைத் திரட்டி, சிறுவர் இருளிலே சொல்லி மகிழும்பொருட்டு 1981, 1984, 1991 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளியிட்டார். கதைகள் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்குவன. ஆயினும் ஸ்டீபன் கம்மெல் வரைந்த படங்கள் வளர்ந்தோரையே திடுக்கிடச் செய்வன. 1990 முதல் 1999 வரையுள்ள பத்தாண்டுகளில், நூலகங்களிலிருந்து அகற்றும்படி மிகுதியாகக் கோரப்பட்ட நூல்களின் பட்டியலில் இவற்றுக்கே முதலிடங் கிடைத்ததென அமெரிக்க நூலகச் சங்கம் கூறுகின்றது. 2011 ஆம் ஆண்டில் படங்களை மென்மையாக்கிப் புதிய பதிப்பு வெளியிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோர் யார்? சிறுவயதில் அப்படங்களைக் கண்டு நடுங்கியவர்களே! பழைய படங்கள் பின்னர் மீண்டும் இடம்பெற்றன.

இவ்வளவுங் கூறியதனால், எல்லாப் பேய்க்கதையும் எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றது என்று நான் வாதிடுவதாக எவரும் கொள்ளவேண்டாம். நான் கைக்கொள்ளும் விதிகள் சில உள. கதையிலே வரும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ செய்வதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். வெறுமனே அகப்பட்டுத் துன்புறும் கதையை நான் வாசிப்பதில்லை. பேய்க்கு ஒரு குறையோ நியாயமோ இருத்தல் வேண்டும். இரத்தத்தையும் சிதைவையும் விரித்துரைக்கும் கதைகளை ஒதுக்கிவிடுகின்றேன். இன்னவரைக் கண்டால் அஞ்சு என்று ஓர் ஊராரையோ சாதியாரையோ விதவையரையோ சுட்டும் கதை நம்மிடையே பலவுண்டு. அவற்றை அறவே தொடுவதில்லை, ஏனெனில் அங்கே அஞ்சப்படுவது பேயன்று, அயலவர். கேட்க விரும்பாத பிள்ளை எழுந்து போகலாம் என்பதும், ஒரு மாலைக்கு ஒரு கதைக்கு மேலில்லை என்பதும் எங்கள் வாசிகசாலையின் வழக்கம்.

முன்னே கூறிய தந்தையாருக்கு நான் சொன்ன சுருக்கமான மறுமொழி இதுதான்: "விளக்கு எரியட்டும். ஆனால் அந்தக் கதையைத் தங்கச்சிக்குச் சொல்லச் சொல்லி அவனைக் கேளுங்கோ." கேட்டவன் கூறுவோனாகும்போது, கதையின் கடிவாளம் அவன் கைக்கு வந்துவிடுகின்றது. எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் இப்போது அவன் தீர்மானம். இரண்டு கிழமைகளின் பின் அவர் மீண்டும் வந்தார். மகன் கதை சொன்னானாம். வேதாளத்துக்குத் தந்தையின் குரலையே கொடுத்தானாம். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாளாம். விளக்கு நூர்ந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நம் நாட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்விடயத்திலே மற்றொரு கனமும் உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பின்னர்ப் பிறந்தவர்கள் இவர்கள். எறிகணையையும் இடப்பெயர்வையும் இவர்கள் காணவில்லை. ஆனால் அவை விட்டுச்சென்ற வெறுமைகளின் நடுவிலே வளர்கின்றனர். எங்கள் ஊர் ஒழுங்கையொன்றிலே கூரையற்ற வீடொன்று இருக்கின்றது. அதன் நடு அறையிலே வேம்பு வளர்ந்து நிற்கின்றது. பிள்ளைகள் அதைப் பேய்வீடு என்று அழைக்கின்றனர்; அந்தியில் அதைக் கடக்கும்போது ஓடுகின்றனர். அங்கே வாழ்ந்தோர் யார், எங்கே போயினர் என்பது எங்களுள் வயது வந்தோர்க்குத் தெரியும். நாங்கள் அதைப் பேசுவதில்லை. ஒருநாட் கதை முடிந்தபின், "மாஸ்டர், செத்த ஆக்கள் ஏன் திரும்பி வருகினம்?" என்று ஒரு பையன் வினவினான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமற் போனவர்கள் வருவதாகக் கதைகளிலே எழுதுவார்கள் என்று கூறினேன். "அப்ப, அந்த வீட்டு ஆக்கள் என்ன சொல்ல வருகினம்?" என்றான்.

பிள்ளைகள் அறியாதிருக்கிறார்கள் என்று நாம் நம்பி வந்த யாவற்றையும் அவர்கள் தம் வழியிலே அறிந்துதான் இருக்கின்றனர். நேரே கேட்க முடியாததைப் பேயின் பெயரால் கேட்கின்றனர். பேய்க்கதையை அலுமாரியில் வைத்துப் பூட்டினால் அக்கேள்வியும் அதனோடு பூட்டப்படும். அந்த வீடோ ஒழுங்கையிலேயே நிற்கும். அன்று அச்சிறுவனுக்கு அவ்வீட்டாரின் பெயர்களை நான் சொன்னேன். அவர்கள் நல்ல மாம்பழங்களை அயலாருக்குக் கொடுத்து உண்டவர்கள் என்றும் சொன்னேன். அதற்குமேல் அறிவதற்கு அவனுக்கு இன்னும் காலமிருக்கின்றது.

வங்காளத்துச் சிறுவர் இலக்கியம் இத்துறையில் நமக்கு ஒரு வழிகாட்டி. உபேந்திரகிசோர் ராய் எழுதிய கூப்பி, பாகா என்னும் இருவரின் கதையிலே பேய்கள் அவ்விருவரின் இசையில் மயங்கி வரங் கொடுக்கின்றன. அவருடைய பேரரான சத்தியஜித் ராய் 1969 ஆம் ஆண்டில் அதனைத் திரைப்படமாக்கினார். ஊராரால் விரட்டப்பட்டவர்களைப் பேய்கள் மதித்தன என்பதிலே சிறுவர்க்கு எத்துணை ஆறுதல்! நம்மிடமும் சரக்குக் குறைவில்லை. கொத்தியும் முனியும் எங்கள் பாட்டிமாரின் வாயிலே வாழ்ந்தவை. பனங்கூடலும் கேணியும் கடலோரச் சுடலையும் கதைகளை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. பேர்த்திக்குச் சொல்லும் கதையாக அவற்றை மாற்றி எழுதுவோர்தாம் குறைவு. சிறுவர்க்கென எழுதப்படும் நம் நூல்களிற் பல, நல்ல பிள்ளையாயிரு என்று கூறுவதோடு அமைந்துவிடுகின்றன. நல்ல பிள்ளைக்கும் இரவுண்டு, இருளுண்டு என்பதை அவை மறந்துவிடுகின்றன.

ஆதலால், எழுதவல்ல நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். உங்கள் ஊர்ப் பேயை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுங்கள். நான்கு பக்கங்களுக்கு மேற்படாமல், உரத்து வாசிக்கத்தக்கதாக எழுதுங்கள். பெற்றோரிடம் நான் வேண்டுவது இன்னும் எளியது: பிள்ளை அச்சமூட்டும் நூலொன்றைக் கையில் எடுத்தால், அதைப் பறித்து வைக்காது, அருகே உட்கார்ந்து முதற்பக்கத்தை நீங்களே வாசித்துக் கொடுங்கள்.